திக்கல் முதலில், அச்சம் பிறகு

“பயப்படாம பேசு, தானா வரும்.” பேச்சு திக்கும் குழந்தையிடம் வீட்டுப் பெரியவர்களும் பள்ளி ஆசிரியர்களும் வழக்கமாகச் சொல்வது இதுதான். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது: நீ பயப்படுகிறாய், அதனால் திக்குகிறாய், பயத்தை விட்டால் பேச்சு வந்துவிடும். குழந்தை முயன்று பார்க்கிறது. சொல் மறுபடியும் நடுவழியில் நிற்கிறது. பேச்சு வரவில்லை என்ற வருத்தத்தோடு, தைரியமில்லாத பிள்ளை என்ற பெயரும் இப்போது அதற்குச் சேர்ந்துவிடுகிறது.

நூறாண்டுக் கால ஆராய்ச்சி இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. திக்கல் உள்ள பலரிடம் அச்சம் இருப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் திக்கலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. திக்கலின் வேர் மூளையில் பேச்சின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் நரம்பு வழிகளில் இருக்கிறது. அந்த வேரில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாதவரை நாம் சொல்லும் ஆறுதல்கூடத் தண்டனையாகவே போய் விழும்.

எது திக்கல்?

பேசக் கற்கும் எல்லாக் குழந்தைகளும் தடுமாறத்தான் செய்கின்றன. “நான்... நான் வந்து... அம்மா, நான் நேத்து...” என்று முழுச் சொல்லையோ சொற்றொடரையோ திருப்பிச் சொல்வதும், இடையில் “அது வந்து” என்று இழுப்பதும் இயல்பான வளர்ச்சியின் பகுதி. திக்கல் வேறு வகை. அது மூன்று உருவங்களில் தெரியும். முதலாவது, சொல்லின் முதல் ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது: “க-க-க-கண்ணன்”. இரண்டாவது, ஒலி நீண்டுகொண்டே போவது: “ம்ம்ம்மாமா”. மூன்றாவது, ஒலியே வராமல் அடைத்துக்கொள்வது: வாய் திறந்திருக்கும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும், ஆனால் குரல் எழும்பாது. இந்த மூன்றாவது அடைப்பைத்தான் கேட்பவர்கள் மிக எளிதில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பதில் தெரியவில்லை, யோசிக்கிறான், பொய் சொல்கிறான் என்றெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றோடு கண்ணை இறுக மூடுவது, தலையை வெட்டுவது, காலைத் தரையில் தட்டுவது போன்ற அசைவுகளும் நாளடைவில் சேரலாம். சொல்லை வெளியே தள்ள உடல் கண்டுபிடித்த முயற்சிகள் அவை.

பெரும்பாலோருக்கு இது இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே தொடங்குகிறது. சொற்களைக் கோத்துச் சிறு வாக்கியங்கள் பேச ஆரம்பிக்கும் பருவம் அது. நேற்றுவரை தடங்கலின்றிப் பேசிய குழந்தை சில நாட்களுக்குள் திக்கத் தொடங்குவதும் உண்டு. அதனால்தான் வீட்டில் எல்லோரும் காரணத்தைத் தேடுகிறார்கள். நாய் துரத்தியது, யாரோ அதட்டியது, புதிய பள்ளியில் சேர்த்தது, இன்னொரு குழந்தையைப் பார்த்துப் பழகியது என்று அந்த வாரத்தில் நடந்த ஏதோ ஒன்று காரணமாகிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் வாழ்க்கையில் எந்த வாரத்தை எடுத்தாலும் அப்படி ஒரு நிகழ்ச்சி கிடைக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நாக்கிலிருந்து பெற்றோருக்கு

காரணம் தேடியதில் மருத்துவர்களும் அறிஞர்களும் பின்தங்கிவிடவில்லை. 1841இல் பெர்லின் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் யோகான் ஃப்ரீட்ரிக் டீஃபென்பாக், குற்றம் நாக்கில் இருப்பதாக நம்பி, திக்கல் உள்ளவர்களின் நாக்கின் அடிப்பகுதியிலிருந்து ஆப்பு வடிவத்தில் தசையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து நடைமுறைக்கு வராத காலம் அது. நோயாளிகள் பட்ட வேதனைக்குப் பலன் ஏதும் இல்லை. நம் ஊரில் நாக்கில் வசம்பு தேய்ப்பதும், வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசச் சொல்வதும், நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டினால் சரியாகும் என்று நம்புவதும் அதே எண்ணத்தின் மென்மையான வடிவங்கள்தாம். நாக்கு நலமாகவே இருக்கிறது. அதே நாக்கு பாட்டுப் பாடும்போது திக்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியின் மையம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அங்கே லீ எட்வர்ட் டிராவிஸ், மூளையின் இரு பாதிகளில் எதுவும் பேச்சை முழுமையாக ஆளாததால் திக்கல் வருகிறது என்றார். இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தைகளை வலக்கைக்கு மாற்றுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கருத்துக்குச் சான்று நிலைக்கவில்லை. ஆனாலும் மூளையைப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய திசை சரியானதே.

அதே பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் வேறு வழியில் போனார். அவருக்கே திக்கல் உண்டு. குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் ‘திக்கல்’ என்று முத்திரை குத்திப் பதறுவதால்தான் அது உண்மையான திக்கலாக மாறுகிறது என்பது அவர் கொள்கை. இதைச் சோதித்துப் பார்க்க 1939இல் அவர் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் நகரின் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களில் 10 பேருக்கு ஏற்கெனவே திக்கல் இருந்தது. 12 பேர் இயல்பாகப் பேசினார்கள். இயல்பாகப் பேசியவர்களில் 6 பேரிடம், உங்களுக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே வேண்டாம் என்று மாதக் கணக்கில் சொல்லப்பட்டது.

அந்த ஆறு பேரும் திக்கல் உள்ளவர்களாக மாறவில்லை. ஆனால் அவர்களில் பலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கினார்கள், கேட்டதற்கு ஓரிரு சொல்லில் பதில் சொன்னார்கள். பல பத்தாண்டுகள் இந்த ஆய்வு நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 2001இல் ஒரு பத்திரிகை அதை வெளிக்கொணர்ந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 9,25,000 டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. ஆய்வின் தரவுகளை 2002இல் மறுபடியும் ஆராய்ந்த நிக்கோலின் அம்ப்ரோஸும் எஹுத் யைரியும், முத்திரை குத்துவதால் திக்கல் உண்டாகும் என்பதற்கு அதில் சான்று இல்லை என்று காட்டினார்கள்.

அந்தக் கொடுமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பழிச்சொல் திக்கலை உருவாக்காது. பேசும் ஆசையைக் கொல்ல மட்டும் அதற்கு வலிமை போதும்.

குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது

ஜான்சனின் கொள்கை பல பத்தாண்டுகள் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அவர்களை விடுவிக்க, திக்கல் தொடங்குவதற்கு முன்பிருந்தே குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அது நடந்தது. 1,600க்கும் மேற்பட்ட குழந்தைகளை எட்டு மாத வயது முதலே பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதுக்குள் 8.5 சதவீதக் குழந்தைகளுக்குத் திக்கல் தொடங்கியிருந்தது. நான்கு வயதில் அது 11.2 சதவீதமாக உயர்ந்தது. அதுவரை பொதுவாகச் சொல்லப்பட்டுவந்த 5 சதவீதத்தைப் போல இது இரு மடங்குக்கும் மேல்.

இதைவிட முக்கியமான முடிவு வேறு. திக்கத் தொடங்கிய குழந்தைகள் அதற்கு முன்பு மற்றவர்களைவிடக் கூச்சம் மிகுந்தவர்களாகவோ ஒதுங்குபவர்களாகவோ இருக்கவில்லை. இரண்டு வயதில் அவர்களுடைய சொல்வளம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நான்கு வயதில் பார்த்தபோது மொழித்திறனிலும் அறிவுத்திறனிலும் அவர்கள் எந்த வகையிலும் பின்தங்கியிருக்கவில்லை. அச்சம் கொண்ட குழந்தை திக்குகிறது என்ற பழைய கதைக்கு இந்தத் தரவில் இடமே இல்லை. தமிழும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் பேச வைத்ததால்தான் வந்தது என்று தங்களை நொந்துகொள்ளும் பெற்றோருக்கும் ஒரு சொல்: இரண்டு மொழி கற்பது திக்கலை உண்டாக்கும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யைரியும் அம்ப்ரோஸும் 84 குழந்தைகளை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில் 74 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். ஆனால் இது ஓரிரு மாதங்களில் நடந்துவிடுவதில்லை. மெல்பர்ன் ஆய்வில் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மீண்டவர்கள் 6.3 சதவீதம் பேர்தான். மீள்வதில் பெண் குழந்தைகள் முன்னே நிற்கிறார்கள். தொடக்கத்தில் ஆண், பெண் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பெரியவர்களானதும் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற அளவுக்கு அது விரிகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் திக்கல் நிலைத்துவிடுகிறது. உலகின் எல்லா மொழிகளிலும் எல்லாச் சமூகங்களிலும் இது உண்டு.

மரபணுவின் பங்கு

அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தது, பிள்ளைக்கும் வந்தது என்று பல வீடுகளில் சொல்வார்கள். இது பார்த்துப் பழகியதால் வந்ததா, இரத்தத்தில் வந்ததா? விடை சொன்னவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குத் திக்கல் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரைவிடத் தெளிவாக அதிகம். ஆயினும் ஒரே மரபணுக்கள் கொண்ட இருவரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் உண்டு. மரபணு பெரும்பங்கு வகிக்கிறது, முழுப்பங்கு அல்ல என்பது இதன் பொருள்.

எந்த மரபணு என்ற தேடலில் முதல் பெரிய திருப்பம் பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து கிடைத்தது. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் திக்கல் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டென்னிஸ் டிரேனா குழு அவர்களை ஆராய்ந்து, 12ஆம் குரோமோசோமில் ஜி.என்.பி.டி.ஏ.பி. என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டது. 2010இல் வெளியான அந்த ஆய்வில் அதோடு தொடர்புள்ள வேறு இரண்டு மரபணுக்களும் இடம்பெற்றன.

இந்த மூன்றுக்கும் பேச்சோடு நேரடித் தொடர்பு இல்லை என்பது அப்போது எல்லோரையும் வியக்க வைத்தது. நம் ஒவ்வொரு செல்லிலும் பழைய மூலக்கூறுகளைச் சிதைத்து மறுபயனுக்கு அனுப்பும் லைசோசோம் என்ற சிறு பைகள் உள்ளன. அங்கே போய்ச் சேர வேண்டிய நொதிகளுக்கு அடையாளம் ஒட்டி அனுப்புவது இந்த மரபணுக்களின் வேலை. இந்தச் சாதாரணப் பராமரிப்பு வேலையில் வரும் குறை, உடலின் மற்ற எதையும் தொடாமல் பேச்சை மட்டும் ஏன் தாக்குகிறது? அதே மாற்றத்தைச் சுண்டெலிகளில் புகுத்திப் பார்த்தார்கள். எலிக்குட்டிகளின் கீச்சொலிகளுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் தோன்றின. 2019இல் அந்த எலிகளின் மூளையை ஆராய்ந்தபோது, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தில், நரம்பணுக்களைப் பேணும் ஆஸ்ட்ரோசைட் என்னும் செல்கள் குறைந்திருந்தன. மரபணுவிலிருந்து மூளையின் இணைப்பு வழிவரை ஒரு பாதை அப்போதுதான் தெரியத் தொடங்கியது.

இந்த மரபணுக்கள் திக்கல் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரை மட்டுமே விளக்குகின்றன. மற்றவர்களுக்கு? 2025இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, திக்கல் உண்டு என்று சொன்ன ஏறக்குறைய ஒரு லட்சம் பேரின் மரபணுத் தொகுதியை, இல்லை என்று சொன்ன பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருடன் ஒப்பிட்டது. திக்கலோடு தொடர்புடைய 57 இடங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. பல சேர்ந்துதான் ஒருவரை அந்தப் பக்கம் சாய்க்கின்றன. தாளத்தோடு இசைந்து செல்லும் திறனுக்கும் திக்கலுக்கும் பொதுவான மரபணு அடித்தளம் இருப்பதையும் அந்த ஆய்வு சுட்டியது. பேச்சின் சிக்கல் தாளத்தில், அதாவது நேர ஒழுங்கில் இருக்கலாம் என்று மூளை ஆய்வாளர்கள் முன்பே சொல்லிவந்ததோடு இது பொருந்துகிறது.

மூளையில் நடப்பது

ஒரு வாக்கியம் பேச நெஞ்சு, தொண்டை, தாடை, நாக்கு, உதடு ஆகியவற்றின் நூறளவு தசைகள் ஒத்துழைக்க வேண்டும். நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் வரிசை பிசகாமல் வர வேண்டும். கோலாட்டத்தில் எல்லாக் கோல்களும் ஒரே தாளத்துக்குள் வந்து சேர வேண்டும். ஒரு கை கணநேரம் தாமதித்தாலும் அந்தச் சுற்று அங்கேயே நின்றுவிடும். ஆடுபவருக்கு ஆட்டம் தெரியாததால் அது நிற்பதில்லை. பேச்சும் அப்படித்தான்.

இந்த ஒத்துழைப்புக்கு இரண்டு ஏற்பாடுகள் தேவை. ஒன்று, என்ன ஒலி கேட்கிறது என்பதை அறியும் பகுதிக்கும் வாயை இயக்கும் பகுதிக்கும் இடையே விரைவான நரம்புப் பாதை. பெரும்பாலோருக்கு இது மூளையின் இடப் பாதியில் ஓடுகிறது. 2002இல் ‘லான்செட்’ இதழில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. முறையில் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். திக்கல் உள்ள பெரியவர்களிடம், நாக்கையும் குரல்வளையையும் இயக்கும் இடப் பகுதிக்குச் சற்றுக் கீழே நரம்பிழைகளின் ஒழுங்கு குறைந்திருந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் அதே இடப்பக்கப் பாதைகளையே சுட்டின. பேசும்போது இவர்களின் மூளையில் வலப் பாதி வழக்கத்தைவிட அதிகமாக இயங்குவதும் தெரிந்தது. இடப் பாதியின் குறையை ஈடுகட்டும் முயற்சியாக அது இருக்கலாம். ஓடும் செயலை நிறுத்தும் அமைப்பு தேவைக்கு மேல் விழித்திருப்பதாகவும் சிலர் விளக்குகிறார்கள்.

இரண்டாவது ஏற்பாடு, மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகள். ஓர் அசைவு முடிந்து அடுத்தது எப்போது தொடங்க வேண்டும் என்று சமிக்ஞை தருவது இவற்றின் பணி. இதற்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. பக்கவாதத்துக்குப் பிறகு பெரிய வயதில் திடீரெனத் திக்கல் வந்த 20 பேரின் மூளைப் படங்களை நியூசிலாந்தின் கேத்தரின் தெய்ஸ் குழு ஆராய்ந்து 2024இல் வெளியிட்டது. பாதிப்பு ஏற்பட்ட இடங்கள் வெவ்வேறாக இருந்தாலும், அவை எல்லாம் இடப்பக்க அடித்தள முடிச்சுகளில் ஒன்றான புட்டாமென் என்ற பகுதியை மையமாகக் கொண்ட ஒரே வலைப்பின்னலோடு இணைந்திருந்தன. சிறு வயதில் தொடங்கிய திக்கலிலும் அதே வலைப்பின்னலின் சுவடு தெரிந்தது.

இந்த விளக்கம் பழைய புதிர்கள் சிலவற்றை அவிழ்க்கிறது. பாடும்போது தாளம் வெளியிலிருந்து வருகிறது. பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் அப்படியே. உள்ளிருந்து வர வேண்டிய தொடக்கச் சமிக்ஞையை வெளித் தாளம் தந்துவிடுவதால் திக்கல் மறைகிறது. ஒருவரின் குரலை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து அவர் காதுக்கே அனுப்பினால் சரளமாகப் பேசுபவர் தடுமாறுகிறார். திக்கல் உள்ளவர்களில் பலருக்கோ பேச்சு எளிதாகிறது. காதுக்கும் வாய்க்கும் இடையிலான கணக்கில்தான் ஏதோ வேறுபாடு என்பதற்கு இது இன்னொரு சான்று.

அப்படியானால் அச்சத்துக்குப் பங்கே இல்லையா? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எரிக் ஜாக்சன் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 24 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். யாரும் கேட்கவில்லை என்று நம்பித் தமக்குத்தாமே பேசியபோது திக்கல் ஏறக்குறைய மறைந்தே போனது. கேட்பவர் இருப்பது பேச்சின் மேல் ஒரு சுமையை ஏற்றுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சுமை எல்லோர் மேலும்தான் ஏறுகிறது. மேடையில் நடுங்கும் லட்சக்கணக்கானோருக்குக் குரல் கம்முகிறது, நாவு வறள்கிறது, சொல் மறக்கிறது. அவர்கள் திக்குவதில்லை. நேர ஒழுங்கு நொய்மையாக உள்ளவரிடம்தான் அந்தச் சுமை திக்கலாக வெளிப்படுகிறது. ஒரு நாளைய திக்கலை அச்சம் கூட்டலாம். திக்கல் உள்ளவராக ஒருவரை அது ஆக்குவதில்லை.

பலர் மீள்வதும் சிலர் மீளாததும் ஏன்? மிச்சிகனில் சூ-உன் சாங் குழு, மூன்று வயதிலிருந்தே குழந்தைகளின் மூளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம்பிடித்துவருகிறது. திக்கல் தொடங்கிய குழந்தைகளிடம் இடப்பக்க நரம்புப் பாதைகளில் வேறுபாடு சிறு வயதிலேயே தெரிகிறது. மீளும் குழந்தைகளிடம் அந்தப் பாதைகள் வளர வளர மற்றவர்களை எட்டிப்பிடிக்கின்றன. திக்கல் நிலைத்துவிடும் குழந்தைகளிடம் அந்த எட்டிப்பிடிப்பு நிகழ்வதில்லை.

அச்சம் எப்படி வந்து சேர்கிறது

தன் பேச்சு மற்றவர்களின் பேச்சைப் போல இல்லை என்பதைச் சில குழந்தைகள் மூன்று வயதிலேயே உணர்கின்றன. ஐந்து வயதுக்குள் பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு பள்ளி. வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்ற இரண்டு சொல் வராமல் நிற்கும்போது வகுப்பு சிரிக்கிறது. பாடத்தை வரிசையாக வாசிக்கும் நாளில், தன் முறை வரும்வரை அந்தக் குழந்தை பாடத்தைக் கவனிப்பதில்லை. தனக்கு எந்தப் பத்தி வரும், அதில் எந்தச் சொல் மாட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. பதில் தெரிந்தும் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்கிறது.

வளர்ந்தபின் தவிர்ப்பு ஒரு கலையாகவே ஆகிவிடுகிறது. வராத சொல்லுக்கு முன் வேறு சொல்லை மாற்றிப்போடுவார்கள். கடையில் விருப்பமான பண்டத்தை விட்டுவிட்டு, சொல்ல எளிதானதைக் கேட்பார்கள். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வராமல் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்குவார்கள். சொந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாது. அதனால்தான் பலருக்குப் பெயர் சொல்வதே மிகக் கடினமான காரியம். தொலைபேசியும் நேர்முகத் தேர்வும் அடுத்தவை. இவ்வளவு திறமையாக மறைப்பவரைப் பார்த்து, உனக்கு இப்போதெல்லாம் திக்குவதில்லையே என்று மற்றவர்கள் மகிழ்கிறார்கள். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரியவர்களிடம், குறிப்பாகச் சிகிச்சை நாடி வருபவர்களிடம், சமூக அச்சக் கோளாறு மற்றவர்களைவிடப் பல மடங்கு காணப்படுவது இந்த நீண்ட அனுபவத்தின் விளைவு.

என்ன செய்யலாம்?

சிறு குழந்தைகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது. சிட்னியில் மார்க் ஆன்ஸ்லோவும் அவர் குழுவினரும் உருவாக்கிய லிட்கம் முறையில் சிகிச்சை தருபவர்கள் பெற்றோரே. பேச்சுப் பயிற்சியாளர் வாரந்தோறும் வழிகாட்டுவார். குழந்தை தடங்கலின்றிப் பேசும்போது பெற்றோர் அதை இயல்பாகப் பாராட்டுவார்கள். எப்போதாவது மட்டும், மென்மையாக, திக்கலைக் குறிப்பிடுவார்கள். 2005இல் நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஒன்பது மாதங்களில் சிகிச்சை பெற்றவர்களின் திக்கல் 100 அசைகளுக்கு 1.5 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 3.9 ஆக இருந்தது.

குழந்தையின் மேல் உள்ள பேச்சுச் சுமையைக் குறைப்பது இன்னொரு முறை. வீட்டார் தம் பேச்சின் வேகத்தைத் தணிப்பார்கள், கேள்விமழை பொழிவதை நிறுத்துவார்கள், முறை வைத்துப் பேசுவார்கள். நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில், பதினெட்டு மாதங்களுக்குப் பின் லிட்கம் குழுவில் 76.5 சதவீதமும் மற்றக் குழுவில் 71.4 சதவீதமும் திக்கலின்றிப் பேசினார்கள். சிகிச்சையில்லாத குழு இந்த ஆய்வில் இல்லாததால், இவர்களில் எத்தனை பேர் தாமாகவே மீண்டிருப்பார்கள் என்று பிரிக்க முடியாது. இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பது உறுதி. எந்த முறை என்பதைவிட, உரிய வயதில் தொடங்குவதே முக்கியம்.

தானாகச் சரியாகட்டும் என்று எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? திக்கல் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்கல் நிலைத்திருந்தாலோ, மூன்றரை வயதுக்குப் பின் தொடங்கியிருந்தாலோ, பேச வராமல் குழந்தை அழுதாலோ தாமதிக்கக் கூடாது. ஆண் குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முன்னோடி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் கேட்டாலும் பேச்சுப் பயிற்சியாளரை அடைய வழி கிடைக்கும்.

பெரியவர்களுக்கு முழுமையாகக் குணமாக்கும் சிகிச்சை இன்று இல்லை. டோபமைனைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் சிலருக்கு ஓரளவு பயன் தந்தாலும், பக்கவிளைவுகள் அதிகம். திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்ற மருந்து எதுவும் இல்லை. பத்தே நாளில் போக்குவோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். பேச்சை நீட்டி மென்மையாகத் தொடங்கும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. ஆனால் அதை விடாமல் பேண வேண்டும். தாமே திக்கல் உள்ளவரான சார்லஸ் வான் ரைப்பர் அமெரிக்காவில் வேறொரு வழியைக் காட்டினார்: திக்கலோடு மல்லுக்கட்டாமல், அதை இறுக்கமின்றித் திக்கக் கற்றுக்கொள்வது. மறைப்பதை விட்டுவிட்டு வெளிப்படையாகத் திக்குவது. அச்சத்தைக் குறைக்கும் உளவியல் பயிற்சியும் இதனோடு சேரும்போது, திக்கல் முழுதும் போகாவிட்டாலும் வாழ்க்கை திரும்பக் கிடைக்கிறது. நினைத்ததைச் சொல்ல முடிகிறது, விரும்பிய வேலைக்கு விண்ணப்பிக்க முடிகிறது.

மீதி வேலை கேட்பவர்களுடையது. “மெதுவாப் பேசு”, “மூச்சு விட்டுப் பேசு” என்று சொல்லாதீர்கள். சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். கண்ணைத் திருப்பாமல், என்ன சொல்கிறார் என்பதில் கவனம் வைத்து, அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். ஆசிரியர்கள் திக்கல் உள்ள மாணவரைத் தனியே அழைத்து, வகுப்பில் எப்படிப் பங்கேற்க விரும்புகிறாய் என்று கேளுங்கள். தனியாக வாசிப்பதா, இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பதா, முதலிலேயே வாசித்துவிடுவதா என்று அவரே சொல்வார். வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் தயக்கத்தையும் திக்கலையும் ஒன்றாக எண்ண வேண்டாம். நகைச்சுவைக் காட்சி எழுதுபவர்கள் திக்கல் உள்ள பாத்திரத்தைச் சிரிப்புக்கு வைக்கும்போது, மறுநாள் வகுப்பறையில் அந்த வசனம் யார்மேல் எறியப்படும் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

திக்கல் உள்ளவர்களிடம் அறிவுக் குறைவும் இல்லை, தைரியக் குறைவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் மாட்டக்கூடும் என்று தெரிந்தே நாள்தோறும் வாய் திறப்பவர்கள் அவர்கள். குழந்தைக்குத் திக்கல் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் திக்கினால் அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். இருவரிடமும் “பயப்படாதே” என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.